வயிற்றுவலி மருத்துவத்தில் நவீன முறையும் இயற்கை முறையும்: ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வயிற்றுவலி தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அதற்குத் தமிழர் இல்லங்களில் அஞ்சறைப்பெட்டிக் கைமருந்து முதல் மருத்துவமனை அறுவை வரை பலநிலை மருத்துவங்கள் கையாளப்படுகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவைக் காட்டிலும், எந்த வலிக்கு எது பொருந்தும், எந்த வலி காத்திருக்கும், எது காத்திருக்காது என்னும் வினாக்களே உயிர்காப்பவை. வலியைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள், வலி உணரப்படும் முறை, இயற்கை மருந்துகளின் செயற்பாடு, நவீன மருத்துவத்தின் வளர்ச்சி, தீங்கு நேரும் சூழல்கள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை அவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வயிற்றுவலி, சூலை, குன்மம், கைமருந்து, சித்த மருத்துவம், குடல்வால் அழற்சி, நவீன மருத்துவம்.

முன்னுரை

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ உணர்த்தும் நெறி. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. நோய் வராமல் காத்தலும் வந்தபின் காரணம் அறிதலும் ஆகிய இவ்விரு நெறிகளும் வயிற்று நோய்களுக்கு மிகவும் பொருந்துவன.

ஆயினும் நடைமுறையில் வயிற்றுவலிக்குக் காரணம் தேடும் முன்னரே மருந்து தேடப்படுகிறது. ஒரு வீட்டில் ஓமநீர் கொடுக்கப்படுகிறது. மற்றொரு வீட்டில் மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கப்படுகிறது. முன்னது இயற்கை, பின்னது நவீனம் என்று நாம் பிரித்தாலும், காரணம் அறியாமல் அறிகுறியை அடக்குதல் என்னும் நிலையில் இரண்டும் ஒன்றே. எனவே இரு மருத்துவ முறைகளையும் எதிரெதிரே நிறுத்தாமல், ஒவ்வொன்றும் பயன்படும் எல்லையை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வலியைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள்

வயிற்றுத் துன்பத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. பொருமல், உப்புசம், எரிச்சல், புரட்டல், பிடிப்பு, குடைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு ஆகியன இன்றும் பேச்சில் உள்ளன. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. வயிறு காற்றால் விம்முதல் உப்புசம். அமிலத்தால் நெஞ்சுக்குழி காந்துதல் எரிச்சல். மலம் கழிக்கையில் குடல் முறுக்கி வலித்தல் கடுப்பு. விட்டுவிட்டு வரும் பிடிப்பும், விடாது நிற்கும் வலியும் வெவ்வேறு காரணங்களைச் சுட்டுவன. மருத்துவர் நோயாளியிடம் கேட்டறிய வேண்டிய முதற்செய்தி இச்சொற்களிலேயே அடங்கியுள்ளது.

இலக்கிய, மருத்துவ வழக்கில் சூலை, குன்மம் என்னும் சொற்கள் சிறப்பிடம் பெறுகின்றன. குத்தித் துளைக்கும் வலி சூலை எனப்பட்டது. திருநாவுக்கரசரின் வரலாற்றில் சூலைநோய் பெருந்திருப்பமாக அமைவதும், திருவதிகையில் அவர் பாடிய முதற்பதிகமே அவ்வலியைப் பேசுவதும் தமிழ் கற்றோர் அறிந்தவை. குன்மம் என்பதற்கு உடலைக் குன்றச் செய்யும் நோய் எனச் சித்த மருத்துவ உரைகள் விளக்கம் தருகின்றன. யூகி முனிவரின் பெயரால் வழங்கும் வைத்திய நூல் குன்மத்தை எட்டு வகையாகப் பகுக்கிறது. எரிவது, வாந்தியுடன் கூடியது, வலி மிகுந்தது என அறிகுறியின் தன்மையை அடிப்படையாகக் கொண்டு அமைந்த பகுப்பு அது. கருவிகள் இல்லாத காலத்தில் உடலை உற்றுநோக்கிப் பெற்ற அறிவு என்ற வகையில் அது மதிக்கத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழ்வழிக் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இத்தகைய சொல்வளத்தின் தேவையை உணர்ந்தவர். 1847இல் இலங்கை வந்த அவர் உடற்கூற்றியல், அறுவை மருத்துவம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். நோயாளி சொல்லும் சொல்லும் மருத்துவர் கற்ற சொல்லும் ஒரே மொழியில் இருப்பது நோயறிதலுக்குத் துணைசெய்யும் என்பதற்கு அப்பணி முன்சான்றாகும்.

2. வலி உணரப்படும் முறை

வயிற்றுவலியை அறிவது கடினமாவதற்கு உடலமைப்பே காரணம். தோலில் முள் தைத்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடிகிறது. குடல், இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளின் நரம்புகள் அத்தகைய துல்லியம் உடையன அல்ல. உள்ளுறுப்பு விரியும்போதும், சுருங்கும்போதும், குருதியோட்டம் குறையும்போதும் எழும் வலி மங்கலாக நடுவயிற்றில் உணரப்படுகிறது. இரைப்பை, பித்தப்பை, கணையம் ஆகியவற்றின் வலி மேல்வயிற்றிலும், சிறுகுடல், குடல்வால் ஆகியவற்றின் வலி தொப்புளைச் சுற்றியும், பெருங்குடலின் பிற்பகுதி வலி அடிவயிற்றிலும் தோன்றுவது இயல்பு. கருவில் இவ்வுறுப்புகள் உருவான வரிசையே இதற்கு அடிப்படை.

அழற்சி முற்றி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்டதும் வலியின் தன்மை மாறுகிறது. அதுவரை மங்கலாக இருந்தது கூர்மையாகிறது; ஓரிடத்தில் நிலைகொள்கிறது; அசைந்தாலும் இருமினாலும் மிகுகிறது. குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலப்புற அடிவயிற்றுக்கு இடம்பெயர்வது இதனாலேயே ஆகும். எனவே, ‘முதலில் எங்கே வலித்தது, இப்போது எங்கே வலிக்கிறது’ என்னும் எளிய வினா சிறந்த நோயறி கருவியாகிறது.

வயிற்றுக்கு வெளியே உள்ள நோயும் வயிற்றுவலியாக வெளிப்படுவதுண்டு. இதயத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்படும் மாரடைப்பு நெஞ்சுக்குழி எரிச்சலாகத் தோன்றலாம். நுரையீரலின் அடிப்பகுதி அழற்சி குழந்தைகளுக்கு வயிற்றுவலியாகத் தெரியலாம். ஆண்சிறுவர்களின் விதை முறுக்கம் அடிவயிற்று வலியாகத் தொடங்கலாம்.

3. இயற்கை மருத்துவத்தின் வலிமை

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் திரிகடுகம் எனப்பட்டன. அப்பெயரையே பதினெண்கீழ்க்கணக்கு நூலொன்றும் தாங்கியுள்ளது. இம்மூன்றுடன் சீரகமும் ஏலமும் சேர்ந்தது பஞ்ச தீபாக்கினிச் சூரணம். செரிமானத் தீயைத் தூண்டுவது என்பதே அதன் பெயர்ப்பொருள். சமையலறைக்கும் மருந்தறைக்கும் இடையில் தமிழர் வாழ்வில் பெரிய இடைவெளி இருந்ததில்லை என்பதை இச்சேர்க்கை காட்டுகிறது.

இம்மருந்துகளுள் சிலவற்றின் செயற்பாட்டுக்கு நவீன ஆய்வும் விளக்கம் தருகிறது. இஞ்சி இரைப்பையிலிருந்து உணவு குடலுக்குச் செல்வதை விரைவுபடுத்துவது மனிதரிடம் செய்த சிறிய ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. குமட்டலைக் குறைப்பதற்கும் சான்றுண்டு. ஓமத்தில் உள்ள தைமோல் குடல் தசையைத் தளர்த்துவது ஆய்வகத்தில் அறியப்பட்டது. குன்மத்துக்குத் தரப்படும் சங்கு பற்பம் சங்கைப் புடமிட்டுப் பெறப்படும் சுண்ணாம்புச் சேர்மம். அது அமிலத்தை நடுநிலையாக்கும். மருந்துக்கடையில் விற்கும் அமில எதிர்ப்பு மாத்திரைகள் பலவற்றிலும் கால்சியம் கார்பனேட் உள்ளது. பெயரும் செய்முறையும் வேறாயினும் வேதிவினை ஒன்றே.

குடலில் புண்ணோ கட்டியோ இல்லாத நிலையில் வலி, உப்புசம், மலப்போக்கு மாற்றம் ஆகியன நீடிக்கும் எரிச்சலுறு குடல் நோய்க்குறியில் இரு முறைகளும் நெருங்கி வருகின்றன. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி, இந்நோய்க்குறிக்கு இசப்கோல் போன்ற கரையும் நார்ப்பொருளைப் பரிந்துரைக்கிறது. மிளகுப் பொதினா எண்ணெயையும் கருதலாம் என்கிறது. அவ்வெண்ணெயில் உள்ள மென்தால் குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துப் பிடிப்பைத் தளர்த்துகிறது.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வு செய்யப்பட்டது பெரும்பாலும் குடலில் மட்டும் கரையுமாறு உறையிடப்பட்ட எண்ணெய். நம் சமையலில் பயன்படும் பொதினா பெரும்பாலும் வேறோர் இனம். அதில் மென்தால் மிகக் குறைவு. ஆகவே பொதினாத் துவையலுக்கு அதே பயன் உண்டு என்று கூற இயலாது. ஒரு மூலிகையைப் பற்றிய ஆய்வு முடிவை அதன் வேறு இனத்துக்கோ, வேறு அளவுக்கோ, வேறு வடிவத்துக்கோ அப்படியே பொருத்துதல் இத்துறைக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் குறையாகும்.

சித்த மருத்துவம் இன்று கைமருந்து நிலையில் மட்டும் நிற்கவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதலும், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதலும் இயங்குகின்றன. அங்குப் பயின்ற மருத்துவர் நாடி, நா, நிறம், மலம், மூத்திரம் முதலிய எண்வகைத் தேர்வுடன் நவீன உடலியலையும் கற்றே வெளிவருகிறார். எனவே பட்டம் பெற்ற சித்த மருத்துவரின் சிகிச்சையையும், செவிவழிக் குறிப்பைப் பின்பற்றும் தன்மருத்துவத்தையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

4. நவீன மருத்துவத்தின் முறையும் அதன் திருத்தங்களும்

நவீன மருத்துவம் வயிற்றுவலிக்கென ஒரே மருந்தை வைத்திருக்கவில்லை. வரலாறு கேட்டல், தொட்டறிதல், குருதி, சிறுநீர்ச் சோதனைகள், கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கருச் சோதனை, தேவைப்படின் இதய மின்வரைவு, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் எனப் படிப்படியாகக் காரணத்தை நாடுகிறது. சிகிச்சை காரணத்துக்கேற்ப மாறுகிறது. டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி சிறுநீரகக் கல் வலிக்கு ஏற்ற மருந்து; அதே மருந்து இரைப்பைப் புண் உள்ளவருக்குக் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். காரணம் அறியாதபோது ஒரே மாத்திரை ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் அமைகிறது.

இம்மருத்துவத்துக்கும் பிழைபட்ட மரபுகள் இருந்தன. வலப்புற அடிவயிற்று அழற்சிக்குக் குடல்வாலே காரணம் என்பதை ரெஜினால்டு ஃபிட்ஸ் 1886இல் நிறுவும் வரை, மேலைநாடுகளிலும் அவ்வலிக்குப் பேதி மருந்தும் அபினியும் கொடுக்கப்பட்டன. 1889இல் சார்லஸ் மெக்பர்னி வலி மிகும் புள்ளியைச் சுட்டிக்காட்டி, விரைந்து அறுவை செய்ய வலியுறுத்தினார். இங்கிலாந்து அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல் வெளியிட்ட நூல், நலமாக இருந்த ஒருவருக்குத் திடீரெனத் தோன்றி ஆறு மணி நேரம் நீடிக்கும் கடும் வயிற்றுவலி பெரும்பாலும் அறுவை மருத்துவரின் கவனத்துக்கு உரியது என்று உணர்த்தியது. அக்காலத்தில் நோயறியும் வரை வலிநீக்கி தரக்கூடாது என்பதும் உறுதியான விதியாக இருந்தது. பிற்கால ஆய்வுகள், தக்க அளவில் வலிநீக்கி தருவது நோயறிதலைக் கெடுப்பதில்லை என்று காட்டியமையால் அவ்விதி தளர்ந்தது.

இரைப்பைப் புண்ணின் வரலாறும் இத்தகையதே. மன உளைச்சலும் காரமும் அமிலமுமே அதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பாலும் காரமற்ற உணவும் பரிந்துரைக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரின் பங்கை வெளிப்படுத்தினர். 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிர்க் கலவையைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அமிலத்தை அடக்கி வாழவேண்டியிருந்த நோயாளிகள் பலர் இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையால் நலம் பெறும் நிலை உருவாயிற்று.

குடல்வால் அழற்சிக்கு அறுவை ஒன்றே வழி என்ற கொள்கையும் இன்று மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. மற்றவர்கள் அக்காலம்வரை அறுவையின்றி இருந்தனர். ஸ்கேனால் நோய் உறுதிசெய்யப்பட்டு, மருத்துவமனைக் கண்காணிப்பில் எடுக்கப்பட்ட முடிவு அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வரலாறு தரும் பாடம் ஒன்றுண்டு. மரபு இரு முறைகளிலும் உண்டு. பிழையும் இரண்டிலும் உண்டு. மரபைச் சோதித்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு எங்கே வலுவாக உள்ளதோ அங்கே நம்பகத்தன்மை வளர்கிறது. இயற்கை மருந்துகளையும் அதே சோதனைக்கு உட்படுத்துவது அவற்றுக்கு இழுக்கன்று. அவற்றின் மெய்யான பயனை நிலைநாட்டும் வழியாகும்.

5. தீங்கு நேரும் சூழல்கள்

கைமருந்தால் நேரும் தீங்கு பெரும்பாலும் மருந்தின் நச்சுத்தன்மையால் நேர்வதன்று. அதனால் கழியும் காலத்தால் நேர்வது. பின்வரும் சூழல்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, பேதிக்குக் கொடுத்தல். வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. இன்றும் முற்றிலும் மறையவில்லை. விளக்கெண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையை வலுவாகச் சுருங்கச் செய்கிறது. மலச்சிக்கலுக்கு அது மருந்து. குடல்வால் அழற்சியிலும் குடலடைப்பிலும் அதே சுருக்கம் குடல் துளைபடக் காரணமாகலாம். துளை விழுந்ததும் வலி சிறிது நேரம் தணிவதுண்டு. அதை மருந்தின் பயன் எனக் குடும்பத்தார் நிம்மதி கொள்ளும் நேரத்தில் சீழ் வயிறெங்கும் பரவத் தொடங்குகிறது.

இரண்டாவது, ‘வாயு’ என்னும் சொல். நடுவயது கடந்தவருக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவருக்கு, நெஞ்சுக்குழியில் அழுத்தமும் வியர்வையும் தோன்றும்போது வாயுக்கோளாறு எனக் கருதிப் பெருங்காயமும் சோடாவும் தரப்படுகின்றன. மருந்துக்கடை மாத்திரையும் இதே பிழையைச் செய்கிறது. ஏப்பம் வந்ததும் தணிந்துவிட்டதாகத் தோன்றுவது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, கைக்குழந்தையின் அழுகை. சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றை உரைத்துக் கொடுக்கும் உரைமருந்து வழக்கம் பரவலானது. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் ஆய்வக விலங்குகளில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா அதனை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. மேலும், குழந்தை விட்டுவிட்டு வீறிட்டுக் காலை மடக்கி அழுது, இடையே சோர்ந்து, செந்நிறக் கூழ்போல மலம் கழித்தால் அது குடல் செருகலாக இருக்கலாம். குடல் தட்டுதல், தொக்கம் எடுத்தல் ஆகியவற்றுக்கு அலையும் நேரம் குடலின் ஒரு பகுதியை அழுகச் செய்துவிடும். உரிய நேரத்தில் மருத்துவமனை அடைந்தால் பெரும்பாலும் அறுவையின்றியே காற்றாலோ நீராலோ அச்செருகலை விடுவிக்க இயலும்.

நான்காவது, முறைப்படுத்தப்படாத மருந்துகள். உலோகம் சேர்ந்த பற்ப, செந்தூரங்களை முறையாகத் தயாரிக்காவிடில் ஈயம் உடலில் சேரலாம். ஈய நஞ்சேற்றத்தின் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று கடும் வயிற்றுவலியே. வலிக்கு உண்ணும் மருந்தே வலிக்குக் காரணமாகிறது. நோயாளியோ மருந்தின் அளவைக் கூட்டுகிறார்.

இத்தீங்குகளைச் சட்டமும் கருத்தில் கொண்டுள்ளது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், இரைப்பைக் குடல் புண் ஆகியவற்றைச் சேர்த்துள்ளது. அவற்றைக் குணப்படுத்துவதாக எம்முறை மருந்தையும் விளம்பரப்படுத்துதல் குற்றமாகும்.

6. தேர்வுக்கான அளவுகோல்

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் எளிய பகுப்பைப் பெறலாம். உணவு மிகுதியால் வந்த உப்புசம், முன்பே அறிந்த மாதவிடாய் வலி, மருத்துவர் ஆராய்ந்து வேறு நோயில்லை எனக் கூறிய குடல் பிடிப்பு ஆகியவற்றுக்குச் சுக்கு, சீரகம், ஓமம், வெந்நீர் ஒத்தடம், நடைப்பயிற்சி ஆகியன போதும். இங்கு மாத்திரையை விடக் கைமருந்து குறைந்தது அல்ல.

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருப்பினும் கைமருந்தை நிறுத்தி மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

1. திடீரெனத் தோன்றிய கடும் வலி. அல்லது சில மணி நேரம் கடந்தும் தணியாது மிகும் வலி.
2. தொப்புளிலிருந்து வலப்புற அடிவயிற்றுக்கு இடம்பெயர்ந்த வலி.
3. பலகைபோல் விறைத்த வயிறு. அசைந்தால் மிகும் வலி.
4. காய்ச்சல், மஞ்சட்காமாலை, பச்சை நிற வாந்தி, குருதி வாந்தி, கருமையான மலம்.
5. மலமும் காற்றும் பிரியாமல் வயிறு வீங்குதல்.
6. நெஞ்சுக்குழி வலியுடன் வியர்வை, மூச்சுத்திணறல், தோள் அல்லது தாடையில் வலி.
7. மாதவிடாய் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும். இது கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்ததன் அறிகுறியாகலாம்.
8. கைக்குழந்தை, கருவுற்ற பெண், முதியோர் ஆகியோரின் வலி. முதியோருக்கு நோய் கடுமையாக இருந்தும் வலி குறைவாகத் தெரியலாம்.

வலி கடுமையாக இல்லாவிடினும் வாரக்கணக்கில் நீடிப்பது, எடை குறைவது, இரவில் உறக்கத்தைக் கலைப்பது ஆகியனவும் ஆராயப்பட வேண்டியவையே. உண்ட மருந்துகள் அனைத்தையும், கைமருந்து உட்பட, மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது நோயாளியின் கடமை. அதனை இகழாமல் கேட்பது மருத்துவரின் கடமை. இகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் விளக்கெண்ணெய் உண்டதை மறைக்கின்றனர். அம்மறைப்பு நோயறிதலைத் தாமதப்படுத்துகிறது.

முடிவுரை

வயிற்றுவலி மருத்துவத்தில் இயற்கை முறையும் நவீன முறையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. செரிமானக் கோளாறு, குடல் பிடிப்பு போன்ற செயற்பாட்டுக் குறைகளில் அஞ்சறைப்பெட்டியின் பயன் மெய்யானது. அதன் ஒரு பகுதிக்கு அறிவியல் விளக்கமும் கிடைத்துள்ளது. துளைபடல், அடைப்பு, குருதிக்கசிவு, மாரடைப்பு ஆகியவற்றில் அதற்கு இடமில்லை. இவ்விரு வகைகளையும் பிரித்தறியும் அறிவே இன்று இல்லந்தோறும் சேர வேண்டியது.

இதில் தமிழாய்வாளர்க்கும் பங்குண்டு. வட்டாரந்தோறும் வழங்கும் வயிற்றுநோய்ச் சொற்களைத் தொகுத்து, அவை எந்த நோய்நிலையைச் சுட்டுகின்றன என மருத்துவருடன் இணைந்து ஆராய்ந்தால், நோயாளியின் சொல் மருத்துவருக்கு நேரே பொருள்படும். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று ஒத்திவைக்கப்படும் இரவுகளில் சில உயிர்கள் இழக்கப்படுகின்றன. எந்த வலிக்கு விடியும்வரை பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கலாகாது என்பதைத் தமிழில் தெளிவாக எடுத்துரைக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.